யாருக்காக அடுக்குகிறோம்?

ஒரு வீட்டில் ஐம்பது புத்தகங்கள் இருக்கும்வரை அவற்றை அடுக்குவது ஒரு கேள்வியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வேண்டியதை எடுக்கலாம். இருநூறைத் தாண்டும்போது அது வீட்டு ஒழுங்கு பற்றிய பேச்சாகிறது. ஆயிரத்தைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு முடிவும் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. எதை எதன் பக்கத்தில் வைப்பது, எதைக் கண் மட்டத்தில் வைப்பது, எதை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும்போதெல்லாம், இன்ன புத்தகம் இன்னதைப் பற்றியது, இது முக்கியம், இது முக்கியமில்லை என்று சொல்லிக்கொண்டே போகிறோம்.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் இப்போது 1,400 புத்தகங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 900 தமிழ். மூன்று படுக்கையறை கொண்ட வரிசை வீடு. நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகனாக வேலை செய்பவன். பிறருடைய நிறுவனங்களில் எந்தத் தரவை எங்கே வைப்பது, யார் அதைத் தேடுவார்கள் என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கேள்வியையே வீட்டு இறாக்கையிடம் கேட்டபோது உடனே பதில் வரவில்லை. வீட்டில் புத்தகம் அடுக்குபவர் அதை யாருக்காக அடுக்குகிறார்?

'எனக்காகத்தான்' என்று சொல்லலாம். புத்தகம் என் சொத்து. அதை நான் நிறவாரியாக அடுக்கினாலும் சரி, கட்டிலுக்குக் கீழே தள்ளினாலும் சரி, பிறர் கேட்க என்ன இருக்கிறது? பல வீடுகளுக்கு இந்தப் பதில் போதும். ஆனால் நம்மில் பலரது வீடுகளுக்கு இது போதாது என்றே நினைக்கிறேன்.

*

முதலில் உடல் சார்ந்த விஷயத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் புத்தகத்துக்கு எடை உண்டு. ஒரு மீற்றர் நீளத்துக்குப் புத்தகங்களை நெருக்கி வைத்தால் சுமார் முப்பது கிலோ வரும். ஐக்கியாவின் பில்லி அலுமாரி போன்ற மரத்தூள் பலகைகள் இரண்டு மூன்று வருடத்தில் நடுவில் தொய்ந்துவிடும். ஈஸ்ட் ஹாமின் பழைய வரிசை வீடுகளில் வெளிச்சுவர்கள் பெரும்பாலும் ஒரே கட்டான செங்கல் சுவர்கள். குளிர்காலத்தில் உள்பக்கம் வியர்க்கும். அதில் அலுமாரியை ஒட்டி வைத்தால் பின்வரிசை மட்டைகளில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வெளிச்சுவரைத் தவிர்த்து, பழைய கணப்பின் இருபக்கமும் உள்ள குழிவுகளில் தடித்த பலகையை அடித்து, பின்னால் இரண்டு அங்குலம் காற்றோட இடம் விட்டேன். யாழ்ப்பாணத்தில் கறையான் செய்ததை இங்கே ஈரம் செய்கிறது.

அடுத்த சிக்கல் தமிழ்ப் புத்தகங்களுக்கே உரியது. ஈழத்தில் வந்த கவிதைத் தொகுதிகள் பல அறுபது எழுபது பக்கம்தான். நடுவில் கம்பி குத்தியவை. அவற்றுக்கு முதுகே இல்லை. முதுகு இல்லாததால் அதில் பெயரும் இல்லை. இரண்டு தடித்த நாவல்களுக்கு இடையில் ஒன்றைச் செருகினால் அது காணாமல் போனதற்குச் சமம். வீட்டில் இருக்கும், ஆனால் இல்லை. என்னிடம் இப்படி நூற்றுக்கும் மேல் இருந்தன. அவற்றை ஆசிரியர் வாரியாக அமிலமற்ற அட்டை உறைகளில் இட்டு, உறையின் முதுகில் பெயர் எழுதினேன். அடுக்கும் வேலையில் பாதி நேரம் இதற்கே போனது. அந்த நேரத்துக்கு நான் வருந்தவில்லை, காரணம் பின்னால் வரும்.

*

எந்த முறையில் அடுக்குவது? உலகின் பல பொது நூலகங்கள் 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. அதில் இலக்கியத்துக்கு 800. ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை முழுப் பத்து எண்கள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்து. உலகின் மற்ற மொழிகள் அனைத்தும் 890க்குள் ஒதுங்க வேண்டும். தமிழுக்குக் கிடைத்தது 894.811. சங்க இலக்கியம் முதல் நேற்று வந்த நாவல் வரை தசமப் புள்ளிக்கு அப்பால் ஓர் ஓரத்தில். சமயத்திலும் இதே கதைதான். 200களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. மற்றைய சமயங்கள் எல்லாம் 290களில். டூயி தன் முன்னால் இருந்த அமெரிக்கக் கல்லூரி நூலகத்தை மனத்தில் வைத்து அடுக்கினார், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் தன் வசதிக்காகப் போட்ட ஒழுங்கு, அதைக் கைக்கொண்ட எல்லோருக்கும் உலகத்தின் ஒழுங்காகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

இதற்கு மாற்றுத் தேடியவர் நம்மவர் ஒருவர், அதுவும் இந்த லண்டனில். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகவியல் படிக்க அதே ஆண்டில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்கு வந்தார். ஒக்ஸ்போர்ட் வீதியில் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைச் செய்துகாட்டியதைப் பார்த்தபோதுதான் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது என்பது நூலகவியல் மாணவர்கள் எல்லோரும் அறிந்த கதை. அதே துளையிட்ட தகடுகள், அதே சக்கரங்கள், அதே திருகாணிகள். மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள். அறிவையும் அப்படி முன்கூட்டியே பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்காமல், சிறு கூறுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நூலுக்கும் ஏற்பப் பூட்டினால் என்ன? 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறை அப்படி உருவானது. பின்னாளில் அந்தக் கூறுகளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாக வகுத்தார்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு பொருளுக்குப் பல அடையாளங்களைக் கொடுத்து, எந்த அடையாளத்தால் தேடினாலும் கிடைக்கச் செய்வதுதான் இன்றைய தரவுத்தளங்களின் வேலை. கணினியில் இது எளிது. இறாக்கையில் ஒரு புத்தகம் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். எந்த அடையாளத்தை முதலில் வைப்பது என்று யாரோ ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும். அங்கேதான் அறம் நுழைகிறது.

*

என் வீட்டில் அது ஒரு குறிப்பிட்ட இறாக்கையில் நுழைந்தது. 1980களில் இயக்கங்கள் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களும் சஞ்சிகைகளும். அவற்றுடன் கோவிந்தனின் 'புதியதோர் உலகம்'. 1985இல் வந்த அந்த நாவல் ஓர் இயக்கத்துக்குள் நடந்த கொலைகளை உள்ளிருந்தவர் ஒருவர் எழுதியது. அடுத்து 'முறிந்த பனை'. அதன் ஆசிரியர்கள் நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் விரிவுரையாளர், 1989 செப்டெம்பர் 21ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து ஷோபாசக்தியின் 'கொரில்லா'. நாவல் என்றால் நாவல், சாட்சியம் என்றால் சாட்சியம்.

இவற்றை எங்கே வைப்பது? 'போராட்டம்' என்று ஒரு தலைப்புப் போட்டால் அந்தத் தலைப்புக்குள் எது வரும், எது வராது? 'வரலாறு' என்றால் நாவல்களை வெளியே தள்ள வேண்டும். 'அரசியல்' என்றால் சிலர் சண்டைக்கு வருவார்கள். 'விமர்சனம்' என்று ஒன்றை ஒதுக்கினால் மீதி எல்லாம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை என்று சொன்னதாகும். ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் வரும்வரை அலுமாரியைத்தான் பார்ப்பார்கள். 'இதையும் வைச்சிருக்கிறீரா?' என்ற கேள்வியை இரண்டு பக்கத்தாரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கை காட்டிய புத்தகம்தான் வேறு.

கடைசியில் நான் பொருள்வாரிப் பிரிவையே கைவிட்டேன். தமிழ் நூல்கள் முழுவதும் ஆசிரியர் பெயரின் அகரவரிசையில். அகரவரிசைக்குப் பக்கம் தெரியாது. ஒருவரையொருவர் துரோகி என்று அழைத்தவர்கள் அதில் தோளோடு தோள் நிற்கிறார்கள். கொன்றவர்களின் வெளியீடும் கொல்லப்பட்டவரின் நூலும் ஒரே பலகையில் வருகின்றன.

இதை ஒரு நண்பர் மறுத்தார். 'இது நடுநிலை வேஷம். முடிவெடுக்கப் பயந்து எழுத்துக்குப் பின்னால் ஒளிகிறீர்' என்றார். கடுமையான மறுப்பு, யோசித்துப் பார்த்தேன். இந்த நூல்களைப் பற்றி எனக்குத் திடமான கருத்துகள் உண்டு. கேட்டால் சொல்வேன். ஆனால் கருத்தைச் சொல்ல வேண்டிய இடம் வாய் அல்லது எழுத்து. இறாக்கை சொல்லும் கருத்துக்கு எதிர்வாதம் செய்ய முடியாது. ஒரு புத்தகத்தைப் பின்வரிசையில் தள்ளியவர் ஏன் தள்ளினார் என்று பின்னால் வருபவர் கேட்க முடியாது. அது இருந்ததே அவருக்குத் தெரியாமல் போகும். ஆகவே வாசகரின் தீர்ப்பை நான் முன்கூட்டியே எழுதிவிடாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது. அது அவருக்குரியதை அவருக்கு விட்டுவைப்பது.

அகரவரிசையும் அத்தனை வெகுளியானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மு. தளையசிங்கத்தை 'மு'வில் தேடுவதா, 'த'வில் தேடுவதா? எஸ்.பொ.வை எங்கே வைப்பது? 1998 முதல் 2001 வரை இங்கே நியூகாம் தமிழர் நலன்புரிச் சங்கம் வெளியிட்ட 'இன்னுமொரு காலடி', 'யுகம் மாறும்', 'கண்ணில் தெரியுது வானம்' ஆகிய தொகுப்புகளுக்கு ஒற்றை ஆசிரியர் இல்லை. பத்மநாப ஐயர் தொகுத்தவை. எழுதியவர்கள் பல நாடுகளில். நான் இயற்பெயரின் முதலெழுத்தையும், தொகுப்புகளுக்குத் தலைப்பையும் எடுத்துக்கொண்டேன். கணினியில் பட்டியல் போட்டபோது இன்னொரு வேடிக்கை. யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' வருகிறது. வெறும் குறியெண்ணின்படி வரிசைப்படுத்தினால் கனகசபை கமலாவுக்கு முன்னால் போய் நிற்பார். நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி எழுத்து. கமலாதான் முதலில் வரவேண்டும். தமிழ் வரிசை விதியைத் தெரிவு செய்தால் சரியாகும். ஆனால் யாராவது அதைத் தெரிவு செய்ய வேண்டும்.

*

இனி, இந்தக் கேள்வி ஏன் எனக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லை என்பதைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு இரண்டு தெரு தள்ளி வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானார். முப்பது வருடமாகச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள் அவரிடம் இருந்தன. மாஸ்ரர் அவற்றைத் தனக்கு யார் தந்தார்கள், எந்த ஊரில் வாங்கினார் என்ற ஒழுங்கில் வைத்திருந்தார். ஒரு தட்டு பாரிஸ், ஒரு தட்டு சென்னை, ஒரு தட்டு இறந்துபோன நண்பர் ஒருவருடையது. அவர் இருக்கும்வரை எந்த நூலைக் கேட்டாலும் எழுந்துபோய் நேராக எடுத்து வருவார். அந்த ஒழுங்கு அவருடைய நினைவில் இருந்தது, அவருடன் போய்விட்டது.

அன்ரி என்னை அழைத்துச் சொன்னார்: 'தம்பி, இதுகளை எறிய மனம் வருகுதில்லை. வைச்சிருக்கவும் வழியில்லை. வீட்டை வித்துப்போட்டு மகனோட போகப் போறன்.' மகன் இங்கே பிறந்தவர், நல்ல பிள்ளை. தருமக் கடை ஒன்றில் கேட்டுப் பார்த்திருக்கிறார். தமிழ்ப் புத்தகங்கள் விற்காது என்று அவர்கள் எடுக்கவில்லை. 'அண்ணா, எது முக்கியம் எண்டு எனக்குத் தெரிஞ்சா நான் வைச்சிருப்பன். எனக்கு மட்டையையே வாசிக்கத் தெரியாது' என்றார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் முன்னால் இருந்தது 312 புத்தகங்களின் மௌனம்.

நாம் நூலக அழிவைப் பற்றிப் பேசும் இனம். 1981 மே 31ஆம் தேதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அது குற்றம், வீட்டுக்குள் புத்தகம் மறக்கப்படுவது குற்றமில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் அந்த நூலகம் எப்படித் தொடங்கியது என்பதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1933இல் கே.எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். அடுத்த ஆண்டு ஒரு குழு சேர்ந்து ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை எடுத்து 844 நூல்களுடன் நூலகத்தைத் திறந்தது. அதாவது, என் வீட்டில் இப்போது உள்ள தமிழ் நூல்களைவிடக் குறைவு. பின்னால் பெரிய கட்டடம் கட்டத் தீர்மானித்தபோது ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் ரங்கநாதன். கட்டடக் கலைஞர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். 1959இல் அது திறக்கப்பட்டது.

ஒரு வீட்டுச் சேகரிப்பு நூலகமானது எந்தக் கணத்தில்? புத்தக எண்ணிக்கை கூடியபோது அன்று. தன்னைத் தவிர இன்னொருவர் வந்து தேடுவார் என்று அதன் சொந்தக்காரர் நினைத்தபோது.

*

ஆகவே 'என் சொத்து, என் இஷ்டம்' என்ற பதிலுக்குத் திரும்புகிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' என்னிடம் உண்டு. அதை நான் தொலைத்தாலும் உலகத்துக்கு நட்டமில்லை. நாளைக்கே வேறொன்று வாங்கலாம். அது முழுக்க என் சொத்து. ஆனால் ஈழத்துச் சிறுபதிப்புகள் பலவும் ஆயிரம் பிரதிக்கு மேல் அச்சாகாதவை. அவற்றிலும் எத்தனை 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளில் விடப்பட்டுப் போயின என்று யாரும் எண்ணவில்லை. அப்படி ஒரு தொகுதி என் கையில் இருந்தால், அதை வாங்கியது நானாக இருக்கலாம், ஆனால் அதை நான் காவல் காக்கிறேன் என்பதே சரியான சொல். பிரதிகள் குறையக் குறைய உரிமையின் பங்கு சுருங்கிப் பொறுப்பின் பங்கு கூடுகிறது. முதுகில்லாத அந்த மெல்லிய தொகுதிகளுக்குச் செலவிட்ட நேரத்துக்கு நான் வருந்தாததற்குக் காரணம் இதுதான்.

காவல் என்றால் எல்லாவற்றையும் வைத்திருப்பது என்றும் பொருளில்லை. மாஸ்ரரின் 312ஐயும் நானும் அவர் மகனும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டியலிட்டோம். நான் தலைப்பை வாசிப்பேன். அவர் தட்டச்சு செய்வார். பிறகு ஒவ்வொன்றையும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தில் தேடினோம். ஏற்கெனவே அங்கே வருடப்பட்டு இருப்பவை, எளிதில் கிடைப்பவை, கிடைக்காதவை என்று மூன்றாகப் பிரித்தோம். எளிதில் கிடைப்பவற்றை நண்பர்களுக்குக் கொடுத்தோம். கிடைக்காதவை 41. அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களையோ அவர்களுடைய குடும்பத்தவர்களையோ தேடி, வருடி ஏற்ற அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் சம்மதித்தார்கள். ஒருவர் மறுத்துவிட்டார், தன் இளமைக்காலக் கவிதைகள் இப்போது தனக்கே பிடிக்கவில்லையாம். அவருடைய புத்தகம் இறாக்கையில் மட்டும் இருக்கிறது. கேட்டு வருபவர் வாசிக்கலாம்.

எங்கள் வீட்டில் இன்னும் தீராத விவாதம் ஒன்றும் உண்டு. தமிழ்ப் புத்தகங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். இது என்ன நூல், ஏன் வைத்திருக்கிறோம் என்று. மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. 'ஆங்கிலத்தில் எழுதி வைச்சால் பிள்ளை தமிழ் படிக்க என்ன தேவை இருக்கு?' என்கிறார். மகளுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் களைத்துவிடுவாள். மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாஸ்ரரின் மகன் அலுமாரிக்கு முன் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது ரங்கநாதனின் ஐந்து விதிகளில் ஒன்று. அந்த வாசகருக்கு இன்றைக்கே தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. முப்பது வயதில் ஒருவர் திடீரென்று தேடத் தொடங்கலாம். அதுவரை புத்தகம் எறியப்படாமல் இருக்க வேண்டும் என்றால், எறியக் கூடியவருக்கு அது என்னவென்று புரிந்திருக்க வேண்டும். தமிழ் படிப்பதற்கான காரணத்தைத் தமிழ் தெரியாதவரிடம் எந்த மொழியில் சொல்வது?

பட்டியலில் கடைசியாக ஒரு நிரலையும் சேர்த்திருக்கிறேன்: 'இதைப் பற்றி யாரிடம் கேட்கலாம்?' சில புத்தகங்களுக்கு நேராக ரொறன்ரோவில் ஒருவர் பெயர் இருக்கிறது, சிலவற்றுக்குப் பாரிஸில், சிலவற்றுக்கு யாழ்ப்பாணத்தில். சென்ற மாதம் ஓர் இரவு மகள் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, பல வரிசைகளில் அந்த நிரல் வெறுமையாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டாள். தெரிந்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்றேன். 'அப்ப இதுகளை முதல்ல வாசிக்க வேணும், அப்பா' என்றாள். வாசிக்கப்போவது யார் என்று அவள் சொல்லவில்லை. இப்போதைக்கு அந்த வெற்றுக் கட்டங்களில் என் பெயரைப் போட்டுவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.